பந்துக்குத் தன் முடிவு முன்கூட்டியே தெரியுமா? சிறுமச் செயல் கோட்பாடு குறித்து ஓர் ஐயம்

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் இயற்பியலை முறையாகக் கற்றவன் அல்லன். பள்ளியில் நியூட்டனின் விதிகள் வரை படித்தேன். அதன்பின் என் படிப்பும் பணியும் கணக்கியல் பக்கம் போய்விட்டன. சில ஆண்டுகளாக ஓய்வு நேரத்தில் இயற்பியல் நூல்களைப் படித்து வருகிறேன். அவற்றில் 'சிறுமச் செயல் கோட்பாடு' மீண்டும் மீண்டும் வருகிறது. எறிந்த பந்தின் பாதையையும் கோள்களின் சுற்றுப்பாதையையும் இந்த ஒரே கோட்பாட்டிலிருந்து வருவித்துவிடலாம் என்கிறார்கள். படிக்கும்போது மனம் நிறைகிறது; புத்தகத்தை மூடிவைத்துவிட்டு யோசித்தால் கையில் ஒன்றும் நிற்பதில்லை.

எனக்குள்ள முதல் தடை அந்த வரையறையிலேயே இருக்கிறது. இயக்க ஆற்றலிலிருந்து நிலை ஆற்றலைக் கழித்து, வந்த தொகையைப் பயண நேரம் முழுவதற்கும் கூட்டினால் கிடைப்பதே 'செயல்' என்கிறார்கள். இரண்டையும் கூட்டினால் மொத்த ஆற்றல் வரும், அது மாறாமல் இருக்கும் என்பது புரிகிறது. ஆனால் ஏன் கழிக்க வேண்டும்? கழித்து வரும் அந்த எண் எதன் அளவு?

இரண்டாவது தடை இன்னும் பெரியது. சாத்தியமான பாதைகள் அனைத்திலும் செயல் எதில் மிகக் குறைவோ அந்தப் பாதையில்தான் பந்து செல்கிறது என்றால், கையை விட்டுப் புறப்படும்போதே பந்துக்குத் தான் எங்கே, எப்போது போய்ச் சேரப்போகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? மற்றப் பாதைகளை அது எப்போது ஒப்பிட்டுப் பார்த்தது? 'இயற்கை சிக்கனமானது' என்ற விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பின்தொடர்வேன்; நுண்கணிதம் மட்டும் தெரியாது.

முதல் மறுமொழி

ஐயா, வணக்கம். நீங்கள் கணக்கியலில் பணியாற்றியவர் என்பதால் எண்களிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு முன் ஒரு சொல்லைப் பற்றித் தெளிவு தேவை. நியூட்டனின் மூன்றாம் விதியில் வரும் 'வினை, எதிர்வினை' என்பதற்கும் இங்கே சொல்லப்படும் 'செயல்' என்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இங்கே செயல் என்பது ஒரு முழுப் பயணத்துக்கும் சேர்த்துக் கணக்கிடப்படும் ஒரே ஓர் எண். ஆற்றலை நேரத்தால் பெருக்கி வருவதால் அதன் அலகு ஜூல்-நொடி.

ஒரு கிலோகிராம் நிறையுள்ள பந்தை நேர் மேலே எறிகிறோம். சரியாக 2 நொடியில் அது கைக்கே திரும்பிவிடுகிறது. கணக்கு எளிமையாக இருக்க, புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொள்வோம். எறிந்த வேகம் நொடிக்கு 10 மீட்டராகவும், எட்டிய உச்சம் 5 மீட்டராகவும் இருந்திருக்க வேண்டும் என்பது பள்ளிப் பாடத்திலிருந்தே தெரியும். இதை மறந்துவிட்டு, செயல் நமக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

புறப்பாடும் வருகையும் மாறாதவை: 0 நொடியில் கையில், 2 நொடியில் கையில். இடையில் என்ன நடந்தது என்பது மட்டுமே கேள்வி. வழக்கமான எறிபந்தைப் போலவே வேகம் சீராக மாறுவதாகக் கொண்டு, ஆனால் உச்ச உயரத்தை மட்டும் நம் விருப்பப்படி மாற்றிக் கற்பனை செய்தால், செயலுக்கு ஒரு சிறிய வாய்பாடு கிடைக்கிறது: உச்சத்தின் இருமடியிலிருந்து, அதாவது உச்சத்தை அதனாலேயே பெருக்கி வருவதிலிருந்து, உச்சத்தின் பத்து மடங்கைக் கழித்து, 4/3 ஆல் பெருக்க வேண்டும். (இதில் முதல் பகுதி இயக்க ஆற்றலிலிருந்தும், இரண்டாம் பகுதி நிலை ஆற்றலிலிருந்தும் வருகின்றன. இந்த ஓர் இடத்தில் மட்டும் நுண்கணிதத்தை என் பொறுப்பில் விட்டுவிடுங்கள்.)

உச்சம் 0, அதாவது பந்து கையிலேயே கிடந்தது என்றால், செயல் 0. உச்சம் 3 மீட்டர் என்றால் −28. 4 மீட்டர் என்றால் −32. 5 மீட்டர் என்றால் −33.33. 6 மீட்டர் என்றால் மீண்டும் −32. 7 மீட்டருக்கு −28. 10 மீட்டருக்கு மறுபடியும் 0. குறை எண்களில் −33.33 என்பதே மிகச் சிறியது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பந்து எட்டுவதும் அந்த 5 மீட்டரைத்தான்.

ஏன் இப்படி என்று பாருங்கள். பந்து உயரே போனால் நிலை ஆற்றல் கூடும். அது கழிக்கப்படுவதால் செயல் குறையும். எனவே எவ்வளவு உயரே போய் அங்கே நேரத்தைக் கழிக்கிறதோ அவ்வளவு நல்லது. ஆனால் 2 நொடிக்குள் திரும்பியாக வேண்டும். மிக உயரே போனால் மிக விரைந்து போக வேண்டியிருக்கும். அப்போது இயக்க ஆற்றல், அதுவும் வேகத்தின் இருமடியாக, கூடிச் செயலை மேலே தள்ளிவிடும். இந்த இரண்டு இழுப்புகளும் சமன்படும் இடம் 5 மீட்டர். கழித்தல் குறி இல்லாவிட்டால் இந்த இழுபறியே இருக்காது.

இப்போது உங்கள் இரண்டாவது ஐயம். பாதையை மூன்றே புள்ளிகளாகச் சுருக்குங்கள்: 0 நொடியில் கையில், 1 நொடியில் ஏதோ ஓர் உயரத்தில், 2 நொடியில் மீண்டும் கையில். இடையே சீரான வேகம் என்று கொள்வோம். நடுப்புள்ளியின் உயரம் 5 மீட்டர் என்றால், ஏறும்போது வேகம் நொடிக்கு 5 மீட்டர், இறங்கும்போதும் 5 மீட்டர். ஒவ்வொரு நொடிக்கும் இயக்க ஆற்றல் 12.5 ஜூல், இரண்டு நொடிக்கு 25. சராசரி உயரம் 2.5 மீட்டர் என்பதால் நிலை ஆற்றல் சராசரியாக 25 ஜூல். இரண்டு நொடிக்கு 50. செயல் 25 − 50 = −25. நடுப்புள்ளியை 4 மீட்டரிலோ 6 மீட்டரிலோ வைத்துப் பாருங்கள்; இரண்டிலும் −24 வரும். ஆக, இவ்வளவு முரட்டுத்தனமான பாதையிலும் சிறுமம் 5 மீட்டரில்தான் விழுகிறது.

இதில் மறைந்திருக்கும் செய்தியைக் கவனியுங்கள். முதல் நொடியில் வேகம் மேல்நோக்கி 5, அடுத்த நொடியில் கீழ்நோக்கி 5. வேகத்தில் ஏற்பட்ட மாற்றம் 10. அதுதான் புவியீர்ப்பு முடுக்கம். நடுப்புள்ளியை நகர்த்திச் செயலைச் சிறுமமாக்குவதும், 'வேகம் ஒவ்வொரு நொடிக்கும் 10 குறைய வேண்டும்' என்று கோருவதும் ஒரே நிபந்தனையின் இரண்டு எழுத்து வடிவங்கள். முழுப் பாதையையும் இதுபோன்ற நுண்ணிய மூன்று புள்ளித் தொகுதிகளாகப் பிரித்துவிடலாம். பாதையின் ஏதேனும் ஒரு சிறு துண்டில் செயலை இன்னும் குறைக்க முடியும் என்றால், அந்தத் துண்டை மட்டும் மாற்றினாலே மொத்தமும் குறைந்துவிடும். அப்படியானால் நாம் முதலில் எடுத்த பாதை சிறுமப் பாதையே அல்ல. எனவே முழுமைக்கும் விதித்த நிபந்தனை ஒவ்வொரு கணத்துக்கும் விதித்த நிபந்தனையாக இறங்கிவிடுகிறது. பந்து எதிர்காலத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அந்தந்தக் கணத்தில் நியூட்டனின் விதியைப் பின்பற்றினால் போதும். முடிவை முன்கூட்டியே குறித்துவைத்தது பந்து அல்ல. கணக்குப் போடும் நாம்தான். '10 மீட்டர் வேகத்தில் எறிந்தேன்' என்பதும், '2 நொடியில் திரும்பியது' என்பதும் ஒரே தகவலை இரு வகையில் சொல்வதுதான்.

இரண்டாம் மறுமொழி

மேலே உள்ள விளக்கத்தில் ஒரு சொல்லை மட்டும் திருத்திக்கொள்ள விரும்புகிறேன், ஏனெனில் 'இயற்கை சிக்கனமானது' என்ற தவறான எண்ணத்துக்கு வேர் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. கோட்பாடு உண்மையில் கோருவது சிறுமத்தை அல்ல. செயல் 'நிலைத்து' நிற்பதை. பாதையைச் சற்றே அசைத்தால் செயல் ஏறத்தாழ மாறாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மேலே தந்த வாய்பாட்டிலேயே சோதிக்கலாம்: உச்சத்தை 5 மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் விலக்கினால் செயல் 1.33 கூடுகிறது, 10 சென்டிமீட்டர் மட்டும் விலக்கினால் 0.0133 தான் கூடுகிறது. விலக்கம் பத்தில் ஒன்றாகக் குறையும்போது விளைவு நூறில் ஒன்றாகக் குறைகிறது. பள்ளத்தாக்கின் அடியில் தரை ஏறத்தாழ சமதளமாக இருப்பதைப் போன்றது இது.

எறிந்த பந்துக்கு இந்த நிலைத்த புள்ளி மெய்யாகவே சிறுமம். ஆனால் சுருள்வில்லில் கட்டிய எடையை அதன் அரை அலைவு நேரத்துக்கும் மேலாகப் பின்தொடர்ந்தால், உண்மைப் பாதையில் செயல் சிறுமமாக இருப்பதில்லை. ஒரு பக்கம் ஏற்றமும் மறுபக்கம் இறக்கமும் கொண்ட மலைக்கணவாய்போல் இருக்கும். எடை அப்போதும் அதே விதிப்படிதான் ஆடுகிறது. சிறுமச் செயல் என்ற பெயர் வரலாற்றிலிருந்து வந்தது. 1744-இல் மொப்பர்ட்யூயி இதை முன்வைத்தபோது, இயற்கையின் சிக்கனத்தில் படைத்தவனின் அறிவைக் கண்டதாகவே நம்பினார். அவர் கணக்கிட்ட செயல்கூட வேறு: நிறை, வேகம், தொலைவு ஆகியவற்றின் பெருக்கல். அதே 1744-இல் ஆய்லர் அதற்குத் துல்லியமான கணித வடிவம் கொடுத்தார். லக்ராஞ்ச் அதை விரிவாக்கினார். நாம் இன்று பயன்படுத்தும், நேரத்தை நிலையாக வைத்து ஆற்றல் வேறுபாட்டைக் கூட்டும் வடிவம் 1834, 1835 ஆண்டுகளில் ஹாமில்டன் வெளியிட்ட கட்டுரைகளிலிருந்து வருகிறது. சிக்கனம் என்ற எண்ணம் உதிர்ந்துபோனது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மூன்று புள்ளிக் கணக்கை நானே தாளில் போட்டுப் பார்த்தேன். நடுப்புள்ளி 4 என்றாலும் 6 என்றாலும் −24 வந்தபோது, பல மாதங்களாகப் பூட்டிக் கிடந்த ஒரு கதவு திறந்ததுபோல் இருந்தது. பந்து எதையும் முன்னறிய வேண்டியதில்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் முதல் ஐயம் பாதிதான் தீர்ந்திருக்கிறது. கழித்தால் சரியான விடை வருகிறது என்பது புரிகிறது. கழித்து வரும் அந்த −33.33 எதைக் குறிக்கிறது என்பது இன்னும் புரியவில்லை. அதற்குத் தனியாக ஒரு பொருள் உண்டா, அல்லது சரியான விடையைத் தரும் ஒரு கணக்குச் சாதனம் மட்டும்தானா?

மூன்றாம் மறுமொழி

பொருள் உண்டு. அதுவும் ஒன்றல்ல, இரண்டு. இரண்டுமே இருபதாம் நூற்றாண்டில் வெளிப்பட்டவை. ஹாமில்டனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

முதலாவது சார்பியலிலிருந்து வருகிறது. பந்துக்குள் மிகத் துல்லியமான ஒரு கடிகாரம் இருப்பதாகவும், கையில் அதேபோன்ற இன்னொரு கடிகாரம் இருப்பதாகவும் கொள்ளுங்கள். ஐன்ஸ்டைனின் கோட்பாட்டின்படி உயரத்தில் உள்ள கடிகாரம் சற்று விரைவாக ஓடும். விரைந்து நகரும் கடிகாரம் சற்று மெதுவாக ஓடும். உயரத்தின் விளைவு 22.5 மீட்டர் உயர வேறுபாட்டில் காமா கதிர்களைக் கொண்டு 1960-லேயே அளக்கப்பட்டது. 2010-இல் அணுக் கடிகாரங்களைக் கொண்டு சுமார் 33 சென்டிமீட்டர் வேறுபாட்டிலும் காட்டப்பட்டது. ஆகவே எறிந்த பந்தின் கடிகாரம், உயரே இருப்பதால் நேரத்தைச் சம்பாதிக்கிறது, நகர்வதால் இழக்கிறது. சம்பாதிப்பது நிலை ஆற்றலுக்கு நேர்விகிதத்தில்; இழப்பது இயக்க ஆற்றலுக்கு நேர்விகிதத்தில். எனவே நீங்கள் 'ஏன் கழிக்க வேண்டும்' என்று கேட்ட அந்தக் கழித்தல், ஒரு கடிகாரத்தின் வரவு செலவுக் கணக்கு.

எண்ணாகவே சொல்கிறேன். 33.33-ஐப் பந்தின் நிறையாலும் ஒளிவேகத்தின் இருமடியாலும் வகுத்தால் சுமார் 3.7 × 10⁻¹⁶ நொடி வரும். பந்து கைக்குத் திரும்பும்போது அதன் கடிகாரம் கையில் உள்ள கடிகாரத்தைவிட இவ்வளவு நேரம் கூடுதலாகக் காட்டும். செயலில் உள்ள குறை அடையாளம் இந்த ஆதாயத்தைத்தான் குறிக்கிறது. கையிலிருந்து புறப்பட்டு 2 நொடியில் கைக்கே திரும்பும் எல்லாப் பயணங்களிலும், பந்து உண்மையில் மேற்கொள்ளும் பயணத்தில்தான் அந்தக் கடிகாரம் மிக அதிகமான நேரத்தைக் காட்டுகிறது. செயல் சிறுமம் என்பதும் பந்தின் சொந்த நேரம் பெருமம் என்பதும் இங்கே ஒன்றே. என்னைப் பொறுத்தவரை, பந்து ஏன் மேலே போய்த் திரும்புகிறது என்பதற்கு இதைவிட அழகான விடையை நான் கண்டதில்லை.

இரண்டாவது பொருள் குவாண்டம் இயக்கவியலிலிருந்து வருகிறது; 'மற்றப் பாதைகளை எப்போது ஒப்பிட்டது' என்ற உங்கள் கேள்வியை அது நேராகவே எதிர்கொள்கிறது. 1933-இல் டிராக் தந்த ஒரு குறிப்பை வளர்த்தெடுத்து, 1948-இல் ஃபைன்மன் முழுமையாக வெளியிட்ட வடிவம் இது. துகள் ஒரு பாதையைத் தேர்ந்தெடுப்பதில்லை; புறப்பாட்டிலிருந்து வருகை வரை சாத்தியமான ஒவ்வொரு பாதையும் கணக்கில் சேர்கிறது. ஒவ்வொரு பாதைக்கும் கடிகார முள் போன்ற ஓர் அம்பை வரைந்துகொள்ளுங்கள். அந்தப் பாதையின் செயலைப் பிளாங்க் மாறிலியால், அதாவது 6.626 × 10⁻³⁴ ஜூல்-நொடியால், வகுத்தால் எவ்வளவு வருமோ அத்தனை முழுச் சுற்றுகள் அந்த அம்பு சுழன்று நிற்கும். இறுதியில் எல்லா அம்புகளையும் ஒன்றன் முனையில் ஒன்றாக வைத்துக் கூட்ட வேண்டும். பிளாங்க் மாறிலியின் அலகும் ஜூல்-நொடிதான் என்பதைக் கவனியுங்கள். செயல் என்பது இயற்கை சில்லறையாக எண்ணும் ஓர் அளவு.

மேலே நண்பர் கொடுத்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். உச்சத்தை 10 சென்டிமீட்டர் விலக்கினால் செயல் 0.0133 கூடுகிறது. இதைப் பிளாங்க் மாறிலியால் வகுத்தால் 2-க்குப் பின் 31 சுழியங்கள் கொண்ட எண் வருகிறது. அம்பு அத்தனை சுற்றுகள் கூடுதலாகச் சுழன்றுவிடும். அந்தப் பாதையையும் அதற்கு மிக அருகில் உள்ள இன்னொரு பாதையையும் எடுத்தால் இரண்டின் அம்புகளும் எதிரெதிர்த் திசைகளைக் காட்டி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆனால் செயல் நிலைத்து நிற்கும் இடத்தில், இரண்டாம் மறுமொழியில் சொன்ன பள்ளத்தாக்கின் அடியில், அண்டைப் பாதைகளின் செயல் ஏறத்தாழ சமம். அவற்றின் அம்புகள் ஒரே திசையைக் காட்டி ஒன்றுகூடும். மிஞ்சுவது அந்தப் பாதை மட்டும். சிறுமமாக இல்லாமல் நிலைத்து நின்றால் போதும் என்பதற்குக் காரணமும் இதுவே.

நம் பந்துக்கு, உச்சத்தை 2.2 × 10⁻¹⁷ மீட்டர் விலக்கினாலே அம்பு ஒரு முழுச் சுற்று மாறிவிடுகிறது. இது ஒரு புரோட்டானின் விட்டத்தைவிடவும் மிகச் சிறிய தொலைவு. ஆகவேதான் பந்தின் பாதை கத்தியால் கீறியதுபோல் தெளிவாக இருக்கிறது. அதே 2 நொடிப் பயணத்தைப் பந்துக்குப் பதிலாக எலக்ட்ரானுக்குக் கணக்கிட்டால், ஒரு சுற்று மாறுவதற்குத் தேவையான விலக்கம் 2 சென்டிமீட்டருக்கும் மேல். எலக்ட்ரானுக்கு 'இதுதான் பாதை' என்று ஒரு கோட்டை வரைய முடியாமல் போவது ஏன் என்பதை இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே உணரலாம்.

உங்கள் ஐயம் பழமையான, மதிப்புமிக்க ஐயம் என்பதையும் சொல்ல வேண்டும். ஒளி மிகக் குறைந்த நேரம் எடுக்கும் வழியில் செல்கிறது என்பதிலிருந்து ஃபெர்மா ஒளிவிலகல் விதியை வருவித்தபோது, தேக்கார்ட்டின் ஆதரவாளரான கிளெர்செலியே 1662-இல் ஏறத்தாழ இதே மறுப்பைத்தான் எழுதினார்: இயற்கை எதையும் முன்னறிந்து தேர்வு செய்வதில்லை, ஆகவே இது இயற்பியல் காரணம் ஆகாது என்பது அவர் வாதம். ஒளி அலை என்பதும், நேரம் நிலைத்து நிற்கும் வழியில் அலைகள் ஒன்றுகூடுகின்றன என்பதும் நிறுவப்பட்ட பிறகுதான் அவருக்குச் சரியான விடை கிடைத்தது. பந்துக்குக் கிடைத்த விடையும் அதே வகையானது.

கேட்டவரின் மறுமொழி

கடிகார விளக்கத்தை மூன்று முறை படித்தேன். வரவு செலவு என்று சொன்னதும் அந்தக் கழித்தல் குறி முதன்முறையாக எனக்கு இயல்பாகத் தோன்றியது. அம்புகளின் கணக்கு மனத்தில் படிய இன்னும் சில நாள்கள் ஆகும்.

அதற்கிடையில் ஒன்றைச் செய்து பார்த்தேன், தவறிருந்தால் திருத்துங்கள். மூன்று புள்ளிகளுக்குப் பதிலாக ஐந்து புள்ளிகள் எடுத்து, ஒவ்வோர் அரை நொடிக்கும் ஓர் உயரம் என்று வைத்துக்கொண்டேன். உச்சத்தை 5 மீட்டரிலேயே நிறுத்தி, அரை நொடியிலும் ஒன்றரை நொடியிலும் உள்ள உயரத்தை மட்டும் மாற்றினேன். 2.5 மீட்டர் என்று வைத்தால், அது பழைய நேர்கோட்டுப் பாதையே என்பதால், −25 வந்தது. 3 மீட்டருக்கு −29. 3.5 மீட்டருக்கு −31. அடுத்து 4 மீட்டருக்கும் அதே −31 வந்தது. முதலில் தவறு செய்துவிட்டேனோ என்று நினைத்துச் சரிபார்த்தேன். பிறகு, பள்ளத்தாக்கின் இரு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கிறேன் என்பது உறைத்தது. நடுவில் 3.75 மீட்டரை வைத்தேன், −31.25. அதைவிடக் கீழே எதுவும் இறங்கவில்லை.

நான்கு துண்டுகளிலும் வேகத்தைக் கணக்கிட்டேன்: மேல்நோக்கி 7.5, மேல்நோக்கி 2.5, கீழ்நோக்கி 2.5, கீழ்நோக்கி 7.5. ஒவ்வோர் அரை நொடிக்கும் சரியாக 5 குறைகிறது.

முதல் மறுமொழி எழுதியவர்

ஒரு பிழையும் இல்லை, ஐயா. பள்ளிப் பாடத்தின் வாய்பாட்டில் அரை நொடியை இட்டாலும் உயரம் 3.75 மீட்டர்தான் வரும். இனி எட்டுத் துண்டுகளாகப் பிரித்துப் பாருங்கள், செயல் −33.33-க்கு இன்னும் அருகில் இறங்கும், ஆனால் அதைத் தாண்டாது.